நாக்கில் தொடங்கும் மருந்து

(கோலாலம்பூர், மஸ்ஜித் இந்தியாவில் பெற்றோர்களிடையே ஓய்வுபெற்ற பள்ளிப் பல் தாதி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

இங்கே வரும் வழியில் ஒரு காட்சியைப் பார்த்தேன். பள்ளிவாசலைத் தாண்டிப் புடவைக் கடைகளின் ஓரமாக நடந்துகொண்டிருந்தேன். ஒரு கடை வாசலில் நான்கு வயதுப் பையன் ஒருவன் தரையில் உட்கார்ந்துகொண்டு எழுந்திருக்க மறுத்தான். அவன் தாய் எதிர்மாடியில் இருந்த பல் கிளினிக்கின் பெயர்ப்பலகையைக் கைகாட்டி, "எந்திரிக்கிறியா, இல்ல அங்க கூட்டிட்டுப் போயி ஊசி போடச் சொல்லவா?" என்று கேட்டார். பையன் பலகையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தான். சட்டென்று எழுந்துவிட்டான்.

அந்தத் தாயை நான் குறை சொல்ல வரவில்லை. இரண்டு கையிலும் பை, இடுப்பில் இன்னொரு குழந்தை, தெரு நிறையக் கூட்டம். என் அம்மாவும் இதே வார்த்தையைச் சொல்லித்தான் என்னை வளர்த்தார். ஆனால் முப்பது ஆண்டுக்கு மேல் பிள்ளைகளின் வாயைப் பார்த்தே வேலை செய்த எனக்கு ஒன்று தெரியும். அந்தப் பையனுக்கு இன்றைக்கே ஊசி போட்டாயிற்று. இனி அவன் எந்தப் பல் கிளினிக்கின் படியில் கால் வைத்தாலும் அது குத்தும்.

ஊசியில்லாமல் பல்லை மரத்துப்போகச் செய்ய முடியுமா என்று பேசத்தான் என்னை அழைத்தீர்கள். முடியும், ஓரளவுக்கு முடியும். எந்த அளவுக்கு, எதற்கு முடியாது என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். முதலில் நான் செய்த ஒரு தவற்றைச் சொல்லியாக வேண்டும்.

உங்களில் நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்குப் பள்ளிக்கூடத்துப் பல் மிஸ்ஸியை நினைவிருக்கும். வகுப்பு வாசலில் ஒரு சீட்டு வரும். ஆசிரியர் பெயர் வாசிப்பார். பெயர் வந்த பிள்ளையின் முகம் வெளுத்துவிடும். அந்த மிஸ்ஸிகளில் நானும் ஒருத்தி. நியூசிலாந்தில் 1921-இல் தொடங்கிய பள்ளிப் பல் தாதியர் முறையைப் பார்த்து, இந்த நாட்டில் 1949-இல் பினாங்கில் ஒரு பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். அங்கே பயின்றுதான் நான் வந்தேன். இன்று எங்களுக்குப் பல் சிகிச்சையாளர் என்று புதுப் பெயர். பிள்ளைகளுக்கு நாங்கள் எப்போதும் மிஸ்ஸிதான்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு தமிழ்ப்பள்ளிக்குப் போயிருந்தோம். இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் கீழ்க் கடைவாயில் பால் பல் ஒன்று சீழ் கட்டியிருந்தது, பிடுங்கியாக வேண்டும். "ஊசியா மிஸ்ஸி?" என்று கேட்டாள். "இல்லம்மா, சின்னதா ஒரு கொசு கடிக்கும், அவ்வளவுதான்" என்றேன். ஊசியை என் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன். கண்ணை மூடச் சொன்னேன். அவளும் நம்பி மூடினாள். பல் நல்லபடியாக வந்தது. நானும் என் திறமையை நினைத்து மகிழ்ந்தேன்.

அடுத்த ஆண்டு போனபோது அவள் நாற்காலியில் ஏறவே இல்லை. அதற்கடுத்த ஆண்டு ஏறினாள், வாயைத் திறக்கவில்லை. "கண்ண மூட மாட்டேன்" என்பதை மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். ஊசியின் வலி ஒரு நிமிடத்தில் ஆறிவிட்டது. என் பொய் இரண்டு ஆண்டாகியும் ஆறவில்லை. அன்றிலிருந்துதான் இதைப் பற்றிப் படிக்கத் தொடங்கினேன்.

படிக்கப் படிக்க ஒரு செய்தி என்னை வியக்க வைத்தது. மரத்துப்போகச் செய்யும் மருந்தை மனிதன் முதலில் தெரிந்துகொண்டது நாக்கால்தான். அங்கே ஊசிக்கே வேலையில்லை. இதை நம் பாட்டிகளிடம் சொன்னால் வியக்க மாட்டார்கள். பல் வலித்தால் கிராம்பைக் கடித்து அடக்கிக்கொள் என்பார்கள். கிராம்பில் இருக்கும் யூஜெனால் என்ற எண்ணெய் நரம்பைத் தணிக்கிறது. பல் மருத்துவர்கள் தற்காலிகமாகப் பல்லை அடைக்கும் பசையில் இன்றும் அது கலந்திருக்கிறது. சித்த மருந்துக் கடையில் அக்கரகாரம் என்று ஒரு வேர் கிடைக்கும். மென்றால் நாக்கு சுறுசுறுவென்று மரத்துவிடும். ஆனால் தாய்மார்களே, ஒரு எச்சரிக்கை. கிராம்பு எண்ணெயைச் சின்னக் குழந்தையின் ஈறில் ஊற்றித் தேய்க்காதீர்கள். விழுங்கினால் ஈரலைக் கெடுக்கும்.

தென்னமெரிக்க மலைகளில் கோக்கா இலையை மெல்லும் மக்களுக்கும் இந்த மரப்பு தெரிந்திருந்தது. அந்த இலையிலிருந்து பிரித்தெடுத்த கோகெயினைப் பற்றி 1884-இல் வியன்னாவில் இளம் மருத்துவர் கார்ல் கோலரிடம் உடன் வேலை பார்த்தவர் ஒருவர், "நாக்கே மரத்துவிடுகிறதே" என்று பேச்சுவாக்கில் சொன்னார். கோலர் அதை அப்படியே விட்டுவிடவில்லை. நாக்கை மரக்கச் செய்வது கண்ணையும் மரக்கச் செய்யுமே என்று சொட்டுமருந்தாக ஊற்றிப் பார்த்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் ஹைடெல்பர்க் நகரில் கூடிய கண் மருத்துவர்கள் முன் அது நிரூபிக்கப்பட்டது. போய்வரக் கையில் காசில்லாததால் கோலரின் கட்டுரையை அங்கே வேறொருவர் வாசித்தார். உலகின் முதல் மரப்பு மருந்து வெறும் சொட்டுமருந்தாகத்தான் வேலை செய்தது.

அப்படியானால் பல்லுக்கு மட்டும் ஊசி எதற்கு? கண்ணின் மேற்பரப்பு திறந்து கிடக்கிறது. பல்லின் நரம்போ எலும்புக்குள் ஓடுகிறது. அதே 1884-இன் இறுதியில் நியூயார்க்கில் வில்லியம் ஹால்ஸ்டெட் என்ற அறுவை மருத்துவர் கீழ்த்தாடை நரம்பின் அருகே கோகெயினை ஊசியால் செலுத்திக் காட்டினார். தம் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அவர் அந்த மருந்துக்கு அடிமையாகிப்போனது தனித் துயரம். பிறகு 1905-இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் ஐன்ஹார்ன் உருவாக்கிய நோவோகெயின் வந்தது. அது போதை தருவதில்லை. 1943-இல் ஸ்வீடனில் நில்ஸ் லோஃப்கிரன் லிடோகெயினை உருவாக்கினார். இன்று நம் கிளினிக்குகளில் பெரும்பாலும் அந்த வகைதான். அதன் கதையும் நாக்கில்தான் தொடங்குகிறது. 1930-களில் லோஃப்கிரனின் ஆசிரியர் எர்ட்மான் வேறு எதற்கோ செய்த ஒரு வேதிப்பொருளைச் சுவைத்துப் பார்த்தார், நாக்கு மரத்தது. அந்த மரப்பைத் துரத்திப் போய்த்தான் லிடோகெயினைக் கண்டார்கள்.

ஆகவே ஊசியில்லாத மரப்பு என்பது நேற்று வந்த புதுமையன்று. மருந்து ஊசியில்லாமல்தான் பிறந்தது. எலும்பைத் தாண்டப் பிற்பாடு ஊசி துணைக்கு வந்தது. நாம் இன்று கேட்கும் கேள்வியெல்லாம் அந்த எலும்பை வேறு எப்படித் தாண்டலாம் என்பதுதான்.

முதல் வழி, ஈறில் தடவும் பசை. பழ வாசனையோடு வரும். பஞ்சால் ஈறைத் துடைத்து உலர்த்திவிட்டு, ஒரு சிட்டிகை தடவி, ஓரிரு நிமிடம் பொறுத்திருக்க வேண்டும். உமிழ்நீர் ஈரத்தின் மேல் அவசரமாகத் தடவினால் பயனில்லை. பாதிக் கிளினிக்குகளில் "பசை வேலை செய்யவில்லை" என்பதன் பொருள் "நாங்கள் பொறுக்கவில்லை" என்பதே. சரியாகத் தடவினாலும் அது இரண்டு மூன்று மில்லிமீட்டர் ஆழத்துக்குத்தான் இறங்கும். ஆடிக்கொண்டு தோலில் தொங்கும் பால் பல்லை எடுக்க அது போதும். சொத்தையைக் குடையப் போதாது. அப்போது ஊசியின் குத்தலைக் குறைக்க மட்டும் உதவும். இங்கும் ஓர் எச்சரிக்கை. பல் முளைக்கும் கைக்குழந்தைக்கு பென்சோகெயின் கலந்த பசையைக் கடையில் வாங்கித் தடவாதீர்கள். இரத்தம் உயிர்க்காற்றைச் சுமக்க முடியாத அபாயம் நேரலாம் என்பதால், இரண்டு வயதுக்குக் குறைந்த குழந்தைகளுக்கு அது கூடாது என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2018-இல் எச்சரித்தது.

இரண்டாம் வழி, பீச்சும் கருவி. பேனா போலிருக்கும். உள்ளே வில்சுருள் அல்லது அழுத்தக் காற்று இருக்கும். விசையை அழுத்தினால் மருந்து மயிரிழைத் துளை வழியாகப் பாய்ந்து, ஊசியில்லாமலே ஈறைத் துளைத்து உள்ளே போகும். 1947-இல் அமெரிக்காவில் ராபர்ட் ஹிங்சன் இத்தகைய கருவியை மருத்துவத்தில் பயன்படுத்திக் காட்டினார். பெரியம்மை ஒழிப்பில் பல நாடுகளில் இந்த வகைக் கருவியால் வரிசை வரிசையாகத் தடுப்பு மருந்து ஏற்றினார்கள். ஒரே முனையைப் பலருக்கு வைத்ததால் 1980-களில் கலிபோர்னியாவில் ஹெபடைடிஸ் பி கிருமி பரவியது தெரிந்தது. அதனால் இப்போது ஒவ்வொருவருக்கும் புது முனைதான். உங்கள் பிள்ளைக்கு இதைப் பயன்படுத்தினால், உறையைக் கண்ணெதிரே பிரிக்கிறார்களா என்று பாருங்கள்.

இந்தக் கருவி மேல் முன்பற்களுக்கும் சில பால் பற்களுக்கும் நன்றாக உதவும். கீழ்த்தாடையின் ஆழத்தில் ஓடும் நரம்புக்கு எட்டாது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். விசையை அழுத்தும்போது "டப்" என்று ஒரு சத்தம் வரும். ஈறில் தட்டியது போலிருக்கும். கசப்பு நாக்கில் படும். ஊசிக்கு அஞ்சும் பிள்ளை சிரித்துக்கொண்டே இதை ஏற்பதும் உண்டு. சத்தத்துக்கு அஞ்சும் பிள்ளை துள்ளிக் குதிப்பதும் உண்டு. ஆய்வுகளும் ஒரே முடிவைச் சொல்லவில்லை. சிலவற்றில் பிள்ளைகள் கருவியை விரும்பினார்கள். சிலவற்றில் பழைய ஊசியே மேல் என்றார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. சொல்லாமல் செய்தால் எந்தக் கருவியும் ஊசிதான்.

மூன்றாம் வழி, மூக்கில் அடிக்கும் மருந்து. மேல்வரிசைப் பற்களின் நரம்புகள் மூக்கின் அருகேதான் போகின்றன. இதைப் பயன்படுத்தி டெட்ராகெயின் கலந்த ஒரு மூக்குத் தெளிப்புக்கு 2016-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. கேட்கும்போது மனம் குளிர்கிறது. ஆனால் அது மேல்வரிசையில் முன்பற்களுக்கும் அடுத்துள்ள சிறு கடைவாய்ப் பற்களுக்கும் மட்டுமே பயன்பட்டது. எடை 40 கிலோவுக்குக் குறையக் கூடாது என்பதும் விதியாக இருந்தது. ஆறு வயதுப் பிள்ளையின் எடை ஏறத்தாழ 20 கிலோ. யாருக்கு மிகவும் தேவையோ அவர்களுக்கு அது எட்டவில்லை.

அடுத்து வருபவை ஊசியை விலக்குவதில்லை. ஊசியின் கூர்மையை விலக்குகின்றன. நான் வேலையில் கற்றது இது. வலியில் பெரும் பங்கு குத்துவதால் வருவதன்று. மருந்து வேகமாய்ப் பாய்ந்து சதையை விரிப்பதால் வருவது. ஒரு நிமிடத்துக்குச் சொட்டுச் சொட்டாக விட்டால் பிள்ளை கால் விரலைக்கூட மடக்காது. இந்த நிதானத்தைக் கணினியிடம் ஒப்படைக்கும் கருவிகள் 1990-களின் இறுதியில் வந்தன. கன்னத்தை மெல்ல ஆட்டியபடி போட்டால் வலி குறையும் என்பதும் உண்மை. முட்டி இடித்துக்கொண்ட குழந்தையை நாம் என்ன செய்கிறோம்? இடித்த இடத்தைத் தேய்த்துவிடுகிறோம். தடவும் உணர்வு முன்னால் ஓடி, வலி போகும் வாசலை அடைத்துவிடுகிறது என்று மெல்சாக், வால் என்ற இருவர் 1965-இல் விளக்கினார்கள். நம் அம்மாக்கள் அதற்கு வெகு முன்பே தேய்த்துவிட்டுக்கொண்டிருந்தார்கள்.

சிரிப்பு வாயு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். 1844-இல் ஹோரஸ் வெல்ஸ் என்ற பல் மருத்துவர் அதை உறிஞ்சிக்கொண்டு தம் பல்லையே பிடுங்கச் செய்து பார்த்தார். இன்று பிள்ளைகளுக்கு உயிர்க்காற்றோடு கலந்து, மூக்கில் வைக்கும் சிறு மூடி வழியாகக் கொடுக்கிறார்கள். அது பல்லை மரக்க வைக்காது, மனத்தைத் தளர்த்தும். பிறகு போடும் ஊசி தூரத்தில் நடப்பது போலிருக்கும்.

இனி என் பேச்சின் மையக் கருத்துக்கு வருகிறேன். மரப்பு மருந்தே தேவைப்படாத வைத்தியங்கள் இருக்கின்றன. சொத்தை நரம்பைத் தொடாத வரை, வெள்ளி கலந்த ஃபுளோரைடு நீர்மத்தை ஒரு சொட்டு தடவினால் சொத்தை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். ஊசியில்லை, குடைவதில்லை, ஒரு நிமிட வேலை. ஜப்பானில் பல பத்தாண்டுகளாகப் புழங்கும் இந்த மருந்தை உலகச் சுகாதார நிறுவனம் 2021-இல் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. ஒரு குறை உண்டு: தடவிய சொத்தை கறுத்துவிடும். விழப்போகும் கடைவாய்ப் பால் பல் கறுப்பதா, பிள்ளை கதறுவதா என்று நீங்கள் எடைபோட்டுக்கொள்ளுங்கள். ஸ்காட்லாந்தில் நோர்னா ஹால் என்ற பல் மருத்துவர், சொத்தைப் பால் பல்லைக் குடையாமலே அதன்மேல் ஓர் எஃகுத் தொப்பியைப் பொருத்தி மூடிவந்தார். உணவு கிடைக்காத கிருமி உள்ளேயே அடங்கிவிடும். 1980-களில் தான்சானியாவில், மின்சாரமில்லாத ஊர்களில், கைக்கருவியால் மென்மையான சொத்தையை மட்டும் சுரண்டிப் பசையால் அடைக்கும் முறை வளர்ந்தது. அதற்கும் பெரும்பாலும் ஊசி வேண்டாம்.

இத்தனைக்கும் ஒரே நிபந்தனைதான். சீக்கிரம் வர வேண்டும்.

நாம் சீக்கிரம் வருகிறோமா? 2015-இல் இந்த நாட்டில் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகளிடையே எடுத்த தேசியக் கணக்கில், ஐந்து வயதினரில் நூற்றுக்கு 71 பேருக்குப் பல் சொத்தை இருந்தது. குழாய்த் தண்ணீரில் ஃபுளோரைடு கலக்கும் நாட்டில், பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு இலவசமாகப் பல் பார்க்கும் நாட்டில் இந்த நிலை. இரவில் பால் போத்தலோடு தூங்க வைப்பது, அழுதால் இனிப்பு மைலோ, "பால் பல்லுதானே, விழுந்துடும்" என்ற நம் நினைப்பு, எல்லாம் சேர்ந்தது இது. முதல் பல் முளைத்ததும், ஒரு வயதுக்குள், ஒருமுறை கிளினிக்குக்குக் கூட்டிப் போங்கள். அன்று எதுவும் செய்ய மாட்டார்கள். பிள்ளை நாற்காலியில் ஏறி இறங்கி வரும். அதுதான் முதல் மரப்பு மருந்து. கன்னம் வீங்கி, இரவெல்லாம் அழுது, கடைசியில் தூக்கிக்கொண்டு வந்தால், சீழ் கட்டிய இடத்தில் ஊசி மருந்துகூடச் சரியாக வேலை செய்யாது. எந்த ஊசி வேண்டாம் என்று தள்ளிப்போட்டோமோ அதே ஊசி இரண்டு மடங்காக வந்து நிற்கும்.

சீக்கிரம் வரவிடாமல் தடுப்பது எது? அந்தத் தெருவில் நான் கேட்ட வார்த்தைதான். மரப்பு மருந்தைக் கண்டுபிடித்தது நாக்கு. ஊசியைப் பிள்ளையின் மனத்தில் ஏற்றுவதும் நாக்குதான்.

ஆகவே சில வேண்டுகோள்கள். ஊசியைத் தண்டனையாகச் சொல்லாதீர்கள். "வலிக்கவே வலிக்காது" என்றும் சொல்லாதீர்கள். அதில் பிள்ளை கேட்பது "வலி" என்ற சொல்லை மட்டும்தான். "ஊசி இல்லை" என்று நீங்கள் வாக்குக் கொடுக்காதீர்கள். அந்த வாக்கைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இல்லை. "என்ன செய்யப் போறாங்கன்னு மிஸ்ஸியே சொல்வாங்க, நீ கேளு" என்று சொல்லுங்கள். அண்ணன் அக்காள் பட்ட பாட்டைக் கதையாக்காதீர்கள். பிள்ளையின் எடை, இருக்கும் நோய், சாப்பிடும் மருந்து மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தின் அளவு எடையைப் பொறுத்தது. ஊசியில்லாத வழி இதற்கு உண்டா என்று வாய்விட்டுக் கேளுங்கள். "இதற்கு முடியாது" என்று காரணம் சொல்லும் மருத்துவரை நம்புங்கள். வீட்டுக்கு வந்தபின் இரண்டு மூன்று மணி நேரம் உதட்டைக் கவனியுங்கள். மரத்துப்போன உதட்டைச் சின்னப் பிள்ளைகள் விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்வார்கள். அதுவரை சூடாக எதுவும் வேண்டாம்.

ஒன்று சொல்லி முடிக்கிறேன். நான் ஓய்வு பெறுவதற்குச் சில மாதங்கள் முன்பு எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். ஊசி தவிர்க்க முடியாத பல். ஊசியா என்று அவன் கேட்டதும் ஆமாம் என்றேன். காட்டினேன். ஈறில் பசையைத் தடவி, "தொட்டுப் பாரு, மரத்துப் போகுதா?" என்றேன். "கையைத் தூக்குனா நிறுத்திருவேன்" என்றும் சொன்னேன்.

நான் ஊசியை எடுத்ததும் கையைத் தூக்கினான். நிறுத்தினேன். இறக்கினான். மறுபடி எடுத்தேன், மறுபடி தூக்கினான். நிறுத்தினேன். வாசலில் பன்னிரண்டு பிள்ளைகள் காத்திருந்தார்கள். மூன்றாவது முறையும் தூக்கினான். மூன்றாவது முறையும் நிறுத்தினேன். அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் சோதித்தது ஊசியை அல்ல, என்னை. பிறகு கையைத் தானாக இறக்கி நாற்காலிப் பிடியில் வைத்துக்கொண்டான். "போடுங்க மிஸ்ஸி" என்றான்.

கண்ணை மூடச் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை. அவன் திறந்த கண்ணோடு இருந்தான். எனக்குத்தான் அன்று அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமியின் மூடிய கண்கள் நினைவில் வந்தன.